அரமா, லேத்தா, ரெடிமேடா: பழைய சூப்பர்ஜெட்டின் உலோகப் பாகங்களில் எதை எதால் மாற்றுவது?

நின்று ஓட்டும் ஜெட் ஸ்கியான யமஹா சூப்பர்ஜெட் 701-இன் அடியில் இருக்கும் ரைடு பிளேட்டை அரத்தால் தாராளமாகச் சீவலாம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் அதே அரத்தை அதே தாராளத்தோடு வைத்தால் பம்ப் பேரிங் போய்விடும். இரண்டும் உலோகம், இரண்டும் தண்ணீரில் வேலை செய்பவை. ஆனால் ஒன்று அரை மில்லிமீட்டர் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், மற்றது ஒரு கிராம் பிழையைக்கூடப் பொறுக்காது. இந்த வண்டியை மாற்றியமைக்க நினைப்பவர் பாகத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

சூப்பர்ஜெட் 1990-ல் சந்தைக்கு வந்தது. பிறகு என்ஜின் 701 சிசி ஆனது, 1996-ல் ஹல், அதாவது வண்டியின் படகு போன்ற அடிக்கூடு, மாறியது. 2021 மாடலில் டூ-ஸ்ட்ரோக் போய் 1049 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் வந்துவிட்டது. ஆகவே பழைய 701-இன் வார்ப்புகள் இனிமேல் கைமாறிக் கைமாறித்தான் கிடைக்கும். அரத்தில் சீவிய உலோகத்தை ஒட்டவைக்க முடியாது. அலுமினிய வெல்டிங் உண்டு என்பார்கள்; பல வருடம் உப்புத் தண்ணீர் குடித்த வார்ப்பில் வெல்டு வைத்தால் குமிழி குமிழியாகப் பொங்குவதைப் பார்த்தவர் அதை நம்பி அரத்தை எடுக்க மாட்டார். சீவிப் பழக வேண்டுமானால் உடைந்த பாகம் ஒன்றை வாங்கி அதில் பழகுவது நல்லது.

கைக்கருவி என்று இங்கே சொல்வது அரம், ஹேக்சா, உப்புத்தாள், மரை வெட்டும் டேப் செட், கையில் பிடிக்கும் டிரில், டை கிரைண்டர் ஆகியவற்றை. இரண்டாவது வழி, பாகத்தை லேத் அல்லது மில்லிங் பட்டறையில் கொடுப்பது. மூன்றாவது, அந்த வேலைக்கென்றே செய்து விற்கும் பாகத்தை வாங்கி மாட்டுவது. பழகிய கை வெர்னியரை அடிக்கடி வைத்துப் பார்த்தபடி சீவினால் 0.2 மி.மீ. அளவுக்குள் நிற்கும். லேத்தில் 0.02 மி.மீ. சாதாரண விஷயம். இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் எந்தப் பாகத்தில் உறைக்கும், எதில் உறைக்காது என்பதுதான் கேள்வி.

அலுமினியத்தோடு பழகாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அலுமினியம் அரத்தின் பற்களில் அப்பிக்கொள்ளும். அப்பிய துணுக்கு அடுத்த இழுப்பில் பரப்பை ஆழமாகக் கீறிவிடும். அரம் முழுக்க சாக்பீஸைத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள், ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் பற்களைத் தட்டுங்கள். டை கிரைண்டரில் சுழன்று சீவும் முனைதான் பர்; இரும்புக்கான நெருக்கப் பல் கார்பைடு பர் அரை நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கான அகலப் பல் பர் வாங்கி, மெழுகுவர்த்தியில் அவ்வப்போது ஒற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் ஓடும். ஹேக்சாவில் 6 முதல் 10 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 18 பல் பிளேடு, கூடவே சில சொட்டு மண்ணெண்ணெய். பெஞ்ச் கிரைண்டரின் கல்லில் மட்டும் அலுமினியத்தை வைக்கவே வேண்டாம். கல்லின் துளைகள் அடைந்து, சூடேறி, கல்லே உடைந்து பறக்கும்.

ரைடு பிளேட்டும் கிரேட்டும்: அரம் போதும்

இந்த இரண்டிலும் கைவேலைக்குத்தான் என் ஓட்டு. ரைடு பிளேட் என்பது பம்புக்குக் கீழே ஹல்லோடு சேர்ந்து தண்ணீரில் வழுக்கும் அலுமினியத் தகடு. அதன் பின்விளிம்பில் தண்ணீர் வெட்டினாற்போல் விலக வேண்டும். பழைய பிளேட்டுகளில் கரையில் உரசி உரசி அந்த விளிம்பு உருண்டுபோயிருக்கும். உருண்ட விளிம்பில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி இழுக்கும். 250 மி.மீ. தட்டை அரத்தைக் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்து, விளிம்பைச் செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். பளபளப்பு முக்கியமில்லை, கூர்மை முக்கியம். முன்விளிம்பு ஹல்லைவிடக் கீழே துருத்திக்கொண்டிருந்தால் 30 முதல் 40 மி.மீ. தூரத்துக்குச் சரிவாகச் சீவிச் சமன் செய்யலாம்.

மூக்கு துள்ளுகிறது என்பதற்காகப் பலர் நேராக நீளமான ரெடிமேட் பிளேட் வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் வாஷரைப் போட்டுப் பாருங்கள். பிளேட்டின் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் பின்பாகம் தூக்கப்பட்டு மூக்கு அமுங்கும், துள்ளல் குறையும். உயர்த்தினால் நேர்மாறு. போல்ட்டுகளுக்கு இடையே 300 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 மி.மீ. ஸ்டீல் வாஷர் 0.2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத்தான் சாய்க்கும். ஆனாலும் ஓட்டும்போது அது காலில் தெரியும். வாஷரில் சரியான சாய்வு கிடைத்த பின், ஹல் விளிம்போடு ஒட்டவைக்க எங்கே சீவ வேண்டும் என்று பார்த்துச் சீவினால் போதும். இந்த வரிசையை மாற்றிச் சீவியவர்கள்தான் கடைசியில் ரெடிமேட் பிளேட் வாங்குகிறார்கள்.

இன்டேக் கிரேட்டில், அதாவது தண்ணீர் உள்ளே போகும் வாயில் உள்ள கம்பிச் சட்டத்தில், கம்பிகளின் முன்முனையை அரைவட்டமாகவும் பின்முனையை மீன்வால் போல ஒல்லியாகவும் சீவலாம். வார்ப்பின் பிசிறும் அச்சுக்கோடும் போனாலே தண்ணீர் சுழலாமல் போகும். கம்பியையே வெட்டி எடுப்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். கல், கயிறு, கைவிரல் எல்லாவற்றையும் தடுப்பது அந்தக் கம்பிதான். இவ்வளவு செய்தாலும் கையால் சீவிய கிரேட், ஸ்கூப் வைத்த ரெடிமேட் கிரேட்டுக்கு ஈடாகாது. ஸ்கூப் தண்ணீரைக் கீழிருந்து பிடித்து உள்ளே திருப்புகிறது. அந்த வடிவத்துக்கான உலோகமே பழைய கிரேட்டில் இல்லை. அலை அதிகமுள்ள தண்ணீரில் பம்ப் காற்றை விழுங்கி வழுக்குவதுதான் பிரச்சினை என்றால் கிரேட்டை வாங்கிவிடுங்கள். அரத்துக்கு அங்கே வேலை இல்லை.

மேனிஃபோல்டு வாய் பொருத்துதல்

சிலிண்டரின் எக்சாஸ்ட் வாயும், அங்கிருந்து புகையை எடுத்துப் போகும் மேனிஃபோல்டின் வாயும் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. ஒரு பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் படிக்கட்டு இருப்பது சகஜம். இதைப் பட்டறையில் கொடுத்தாலும் அங்கேயும் கையில்தான் செய்வார்கள், மெஷினில் ஏற்ற வழியில்லை. அதனால் நிதானம் இருந்தால் நீங்களே செய்யலாம்.

புதிய கேஸ்கெட்டைச் சிலிண்டர் முகத்தில் போல்ட்டோடு வைத்து, அதன் துளை சிலிண்டர் வாயோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் துளை வாயைவிடப் பெரிதாக இருக்கும். அதன் கோட்டுக்கே சீவிவிடுவது பலர் செய்யும் தவறு. சிலிண்டர் வாயின் அசல் அளவை ஒரு அட்டையில் தேய்த்து எடுத்து, அதை மேனிஃபோல்டு முகத்தில் வைத்து, மார்க்கர் மை பூசிய இடத்தில் ஊசியால் கோடு கீறுங்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் சீவி, உள்ளே 15 முதல் 20 மி.மீ. ஆழம் வரை படிப்படியாகக் கரைத்துவிடுங்கள். புகை சிறிய வாயிலிருந்து பெரிய வாய்க்குப் போனால் கேடில்லை, பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும்போதுதான் முட்டும். எனவே போகும் திசையில் அடுத்த பாகம் அரை மி.மீ. வரை பெரிதாகிவிட்டாலும் கவலையில்லை.

இங்கே அபாயம் ஒன்றுதான், ஆனால் பெரியது. மேனிஃபோல்டுக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் இரட்டைச் சுவர் இருக்கிறது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது, வார்ப்பின்போது உள்அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் மெல்லியதாகிவிடும். அங்கே பர் புகுந்தால் ஊசித்துளை விழும். தண்ணீர் எக்சாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் வரும், கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் வழிகளை ரப்பர் கார்க்கால் அடைத்து, ஒன்றில் மட்டும் சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்றடித்து, சீவிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த மேனிஃபோல்டு குப்பைக்கு.

சிலிண்டர் போர்ட்: ஓரம் சீவலாம், உயரத்தைத் தொடக்கூடாது

உள்விட்டத்தைக் கடைந்து (போர் அடித்து) வந்த சிலிண்டரில், அதன் சுவரில் உள்ள வாயில்களான போர்ட்டுகளின் ஓரங்கள் கத்தி போல இருக்கும். பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். 0.5 மி.மீ. அளவுக்கு 45 டிகிரியில் ஓரம் தட்டுவதை எண்ணெய்க்கல் குச்சியாலோ சிறிய உருட்டு அரத்தாலோ செய்யலாம். செய்தே ஆக வேண்டும். எக்சாஸ்ட் போர்ட்டின் மேல் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தட்டுவது நல்லது.

போர்ட்டை உயர்த்துவது அப்படியல்ல. 701-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 68 மி.மீ. கிராங்க் மேல்நிலையிலிருந்து 90 டிகிரி திரும்பிய இடத்தில் பிஸ்டன் ஒரு டிகிரிக்கு 0.6 மி.மீ. நகர்கிறது. எக்சாஸ்ட் போர்ட் ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான் திறக்கும். அப்படியானால் மேல் ஓரத்தை 1 மி.மீ. உயர்த்தினால் திறப்பு 1.7 டிகிரி முந்தும், மூடுவது 1.7 டிகிரி பிந்தும், மொத்தத்தில் 3.4 டிகிரி கூடும். மேல் ஆர்பிஎம்மில் சக்தி ஏறும், கீழே வெளுத்துவிடும். அலை தாண்டிக் குதிக்க விரும்பும் ஓட்டுநருக்கு வேண்டியது கீழேதான். அதைவிட மோசம், இரண்டு சிலிண்டரில் ஒன்று அரை மி.மீ. கூடுதலாக உயர்ந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு என்ஜின்போல ஓடும். ஒரே கார்பரேட்டர் அமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. அடைசலான அந்த வாய்க்குள் இரு பக்கமும் 0.2 மி.மீ. துல்லியத்தில் நிறுத்துவது டிகிரி சக்கரமும் வலதுகோண டை கிரைண்டரும் வைத்து அன்றாடம் இதையே செய்பவரின் வேலை. சிலிண்டரை அவரிடம் அனுப்புங்கள்.

பந்தய ஆசை இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஜெட் ஸ்கி பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஜேஎஸ்பிஏ விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஸ்டாக் வகுப்பில் போர்ட்டைச் சீவ அனுமதியில்லை. சீவிய சிலிண்டர் அந்த வகுப்புக்குத் திரும்ப வராது.

ஹெட்: இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை மட்டமாக்குவது ஒரு வேலை. அதைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றுவது வேறொரு வேலை. முதலாவதுக்கு உப்புத்தாள் போதும். இரண்டாவதுக்கு ஒருபோதும் போதாது.

மட்டம் பார்க்க, ஸ்டீல் ஸ்கேலின் நேர்விளிம்பை ஹெட்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.05 மி.மீ. இலை எங்கும் நுழையாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். 0.1 மி.மீ. இலை நுழைந்தால் கேஸ்கெட் ஊதிவிடும். 10 அல்லது 12 மி.மீ. தடிமன் கண்ணாடி ஒன்றை மேஜையில் ஆடாமல் வைத்து, 220 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரோடு ஒட்டவையுங்கள். ஹெட் முகத்தில் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எட்டு வடிவத்தில் தேயுங்கள். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை ஹெட்டைக் கால் சுற்று திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை அமுக்கும் பக்கம் தாழ்ந்துவிடும். எல்லாக் கோடும் ஒருசேர மறைந்த பின் 320, 400. கடைசியில் தேங்கிய சேற்றை ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் கழுவி எடுக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் ஏற்றுவதற்கு வருவோம். 81 மி.மீ. போருக்குப் பரப்பு 51.5 சதுர செ.மீ. ஆகவே முகத்தில் 0.1 மி.மீ. எடுத்தால் பெட்ரோல் எரியும் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய அரை சிசி குறையும். உணரத்தக்க மாற்றம் வர அரை மி.மீ. எடுக்க வேண்டியிருக்கும். அதை உப்புத்தாளில் எடுக்கப் பார்த்தால் ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளில் முகம் சாய்ந்துவிடும், ஒரு அறை மற்றதைவிடச் சிறிதாகும். மில்லிங் பட்டறையில் அதே வேலை அரை மணி நேரம்.

பட்டறைக்குப் போகும் முன் ஸ்க்விஷ் இடைவெளியை, அதாவது பிஸ்டன் மேல்நிலையில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. சால்டர் ஈயக் கம்பியை ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை நுழைத்து, கிராங்க்கைக் கையால் மேல்நிலையைத் தாண்டிச் சுற்றி, நசுங்கிய முனையை வெர்னியரால் அளக்கலாம். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி (பிஸ்டன் பின்) எந்தத் திசையில் கிடக்கிறதோ, கம்பி அந்தத் திசையில் போக வேண்டும். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய்யான எண் வரும். நான்கு இடத்தில், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அந்த ஊசியின் இரு முனைப் பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். நான்கில் மிகக் குறைந்த எண் 1.6 என்று வந்தால் அரை மி.மீ. எடுத்தபின் 1.1 இருக்கும், இந்தப் போருக்கு அது வசதியான எண். 1.0-க்குக் கீழே போவது அனுபவசாலிகளின் எல்லை. 1.2 என்று வந்துவிட்டால் முகத்தைச் சீவவே கூடாது, அறையைத்தான் திரும்பக் கடைய வேண்டும்.

ரெடிமேட் வழி இங்கேதான் உண்மையாகவே ஜெயிக்கிறது. திடக் கட்டையிலிருந்து கடைந்த ஹெட், அதில் ஓ-ரிங்கோடு கழற்றி மாட்டும் டோம்கள், அதாவது எரியும் அறையின் வடிவத்தைத் தரும் கிண்ணங்கள். ஏடிஏ போன்ற நிறுவனங்கள் இப்படிச் செய்து விற்கின்றன. டோமை மட்டும் மாற்றிக் கம்ப்ரெஷனை ஏற்றலாம், இறக்கலாம். அசல் ஹெட் சேதமில்லாமல் அலமாரியில் இருக்கும். விலை கையைக் கடிக்கும், ஆனாலும் இரண்டு முறை மில்லிங் செய்து இரண்டாவது முறை அதிகமாகிப்போன ஹெட்டின் கதையோடு ஒப்பிட்டால் அது மலிவு.

பெட்ரோலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ஓட்டுநர்கள் கம்ப்ரெஷன் கேஜில் 180 பிஎஸ்ஐ வரை பங்க் பிரீமியம் பெட்ரோல் தாங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே பம்ப்பில் 93 என்று எழுதியிருப்பது வேறு அளவுகோல், நம் ஊர் ஆக்டேன் அளவான ரானில் அது ஏறக்குறைய 98. இந்திய பங்க்கில் சாதாரணமாக விற்றுவந்த 91 ரான், அவர்கள் அளவில் 87-ஐ ஒட்டித்தான் வரும். அவர்கள் எண்ணைப் படித்துவிட்டு அப்படிக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டனின் ஓரம் எலி கொறித்தாற்போல் ஆகிவிடும். பிளக் பீங்கானில் வெள்ளிப் பொடி போன்ற புள்ளிகள் தெரிந்தால் அது அலுமினியம், பிஸ்டனிலிருந்து வருவது. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

வெளியேறும் நாசில்: லேத் மட்டுமே

பம்பிலிருந்து தண்ணீர் பீச்சும் நாசிலின் வாயைப் பெரிதாக்கினால் ஆர்பிஎம் ஏறும், மேல் வேகம் கூடும், கிளம்பும்போது எடுக்கும் வேகம் குறையும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 82-ஐ 84 ஆக்கினால் விட்டம் 2 மி.மீ. கூடினாலும் பரப்பு 5 சதவீதம் கூடுகிறது. உப்புத்தாள் சுற்றிய உருளையால் தேய்த்தால் வாய் முட்டை வடிவமாகும், தாரை ஒரு பக்கம் இழுக்கும். லேத்தில் ஒரு மி.மீ. எடுத்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, அடுத்ததை எடுங்கள்.

சுழலுபவை

ஜெட் ஸ்கியில் கியர் கிடையாது, இம்பெல்லர் கிராங்க் வேகத்திலேயே சுழல்கிறது. 6,500 ஆர்பிஎம்மில், மையத்திலிருந்து 70 மி.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் கூடக்குறைய இருந்தால், பேரிங்கை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் விசை மூன்று கிலோ எடைக்கும் மேல். கல்லடி பட்ட இலையின் நெளிவை எடுக்க ஒரு பக்கம் அரைத்துத் தள்ளுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. முன்விளிம்பின் பிசிறை மெல்லிய அரத்தால் எடுக்கலாம், அவ்வளவுதான். சவரக் கத்தி போலத் தீட்டினால் அடுத்த மணல் துணுக்கே அதை மடக்கிவிடும். இலை மடங்கியிருந்தால், அல்லது பிட்ச்சை (இலையின் சாய்வை) மாற்ற வேண்டுமானால், அளவு கட்டையும் பேலன்ஸ் மெஷினும் உள்ள இம்பெல்லர் கடைக்கு அனுப்புங்கள். இலைமுனைக்கும் சுற்றுச்சுவருக்கும் இடைவெளி 0.6 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தால் எந்தத் தீட்டலும் பயன் தராது, அந்தச் சுற்றுவளையமோ இம்பெல்லரோ மாற வேண்டும்.

ஃபிளைவீலின் எடையைக் கையால் குறைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரண்டாவது குளிர்நீர்க் குழாய்

பம்பில் இன்னொரு துளை போட்டு என்ஜினுக்கு இரண்டாவது தண்ணீர் வழி எடுப்பது கையால் செய்யக்கூடிய வேலை, டிரில் நேராகப் பிடிக்கத் தெரிந்தால். கால் அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் அளவு) மரைக்கு 11.1 மி.மீ. டிரில். அதற்கு முன் 4 மி.மீ., 8 மி.மீ. என்று படிப்படியாக. டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டி, மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். இது சாய்வு மரை. டேப்பை முழுக்க இறக்கிவிட்டால் ஃபிட்டிங் உள்ளே விழுந்துவிடும். ஃபிட்டிங்கைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து, நான்கைந்து சுற்றில் இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். வலுவாக முறுக்கினால் வார்ப்பு பிளக்கும். வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் நார் பிய்ந்து போய் ஹெட்டின் சின்னத் தண்ணீர் வழியில் அடைக்கும். திரவ மரை சீலன்ட் பூசுங்கள். உள்ளே வரும் வழியைக் கூட்டினால் வெளியே போகும் வழியையும் கூட்ட வேண்டும். குளிர்ந்த ஏரியில் ஓட்டுபவர்கள் இதைச் செய்யாமலிருப்பதே நல்லது: சிலிண்டர் குளிர்ந்து சுருங்கியிருக்க, பிஸ்டன் சூடேறி விரிந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டியரிங் பிளேட்: பாதி பட்டறை, பாதி கை

ஹேண்டில் கம்பத்தின் முனையில், ஹேண்டில்பாரைத் தாங்கிக்கொண்டு கேபிளை இழுக்கும் அலுமினியத் தகடு இது. கேபிள் மாட்டும் புள்ளியை மையத்திலிருந்து தள்ளி வைத்தால் அதே கைத்திருப்பலுக்கு நாசில் அதிகம் திரும்பும். ஆரம் 40-லிருந்து 50 ஆனால் இழுப்பு 25 சதவீதம் கூடும், கையில் கனமும் கூடும். நாசில் தன் எல்லையில் முட்டிய பிறகும் கை திருப்பிக்கொண்டிருந்தால் கேபிள் மடங்கும். எனவே கைப்பக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை வேண்டும், அது நாசிலுக்கு ஒரு மயிரிழை முன்பே முட்ட வேண்டும்.

வரைந்து வெட்டத் தெரிந்தவருக்கு இது எளிய தகடு. ஆனால் குதித்து இறங்கும்போது ஓட்டுபவரின் முழு எடையும் இதில்தான் தொங்குகிறது. முறிந்தால் பார் கையோடு வந்துவிடும், முகம் கம்பத்தில் போய் மோதும். ஆகவே தகடு 10 மி.மீ. தடிமன் 6061-டி6 ஆகத்தான் இருக்க வேண்டும், பழைய இரும்புக் கடையில் கிடைத்த பெயர் தெரியாத அலுமினியமாக அல்ல. உள்மூலைகளை ஹேக்சாவால் கூராக வெட்டக்கூடாது. முதலில் மூலையில் 8 மி.மீ. துளை போட்டுவிட்டு, துளையில் போய் முடியும்படி அறுங்கள். விரிசல் எப்போதும் கூரான மூலையிலோ அறுத்த கோட்டிலோதான் தொடங்கும். விளிம்பு முழுவதையும் அரத்தால் நீளவாக்கில் இழுத்து, குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் 400 பேப்பர் வரை கொண்டுபோக வேண்டும். இது அழகுக்காக அல்ல.

கைவேலை தோற்கும் இடம் மையத்துளை. ஸ்டியரிங் ஷாஃப்ட் புஷ் உட்காரும் துளை தகட்டுக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். கை டிரில்லில் ஒரு டிகிரி சாய்ந்தால் பார் மேலும் கீழுமாக ஆடும், புஷ் சில வாரத்தில் முட்டையாகத் தேய்ந்துவிடும். அதனால் இதற்கு நான் சொல்வது நான்காவது வழி. வடிவத்தை அட்டையில் வெட்டி, கம்பத்தில் வைத்து, கேபிள் இரு பக்கமும் போய் வருகிறதா என்று பாருங்கள். அந்த அட்டையை வரைபடமாக்கி வாட்டர்ஜெட் வெட்டும் கடையில் துளைகளோடு தகட்டை வெட்டி வாங்குங்கள். மையத்துளையை மட்டும் 1 மி.மீ. சிறிதாக விடச் சொல்லி லேத்தில் சரியளவுக்குக் கடைந்துகொள்ளலாம். வாட்டர்ஜெட் வெட்டிய ஓரத்தின் அடிப்பாதி சொரசொரப்பாக இருக்கும், அதை அரத்தாலும் பேப்பராலும் எடுப்பது உங்கள் வேலை. பாரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் துளைகள் 8 மி.மீ. போல்ட்டுக்கு 8.5.

அரம் பட்ட இடமெல்லாம் ஆனோடைஸ் போயிருக்கும் என்பதால் அசிட்டோனால் துடைத்து எட்ச் பிரைமரும் எபாக்ஸியும் அடியுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம். அலுமினியத்துக்குள் போகும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளில் தண்ணீருக்கு உள்ளே இருப்பவற்றுக்கு மரைன் கிரீஸ், அதிர்வு தாங்கும் ஸ்டியரிங் போல்ட்டுகளுக்கு நீல நிற மரை கோந்து. வெறுமனே முறுக்கிவிட்டால் ஒரு சீசனில் போல்ட்டும் வார்ப்பும் ஒன்றாகிவிடும், கழற்றும்போது மரையே கையோடு வரும். அப்படி வந்துவிட்டால் 8 மி.மீ. மரைக்கு 8.3 மி.மீ. டிரில் ஓட்டி ஹெலிகாயில் எனும் கம்பிச்சுருள் மரையைப் போடலாம், ரைடு பிளேட் துளைகளில் அது அசலைவிடவே நன்றாக நிற்கும். ஸ்டியரிங் தகட்டின் துளைகளில் மட்டும் அந்த ஒட்டுவேலை வேண்டாம், புதுத் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு கரைக்கு வந்து, கை வைத்த பாகங்களின் போல்ட் ஒவ்வொன்றிலும் டார்க் ரென்ச்சை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.